தெளிவாக்கிய முகம்

இன்னும் நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே முக்கால் மணியைத் தின்றுவிட்டேன். இப்போது மூன்றாகப் போகிறது. ஐந்து மணிக்குக் கண்காட்சி திறப்பு. அதற்கு முன்னால், நாலு மணி வாக்கில், ஆதிரை வந்துவிடுவாள். ஈரோட்டில் பஸ் ஏறியதும் ஒரு செய்தி போட்டாள், பெருந்துறையில் ஒன்று, "ஜன்னலோரம் கெடச்சிருச்சுங்க ஆன்ட்டி" என்று இன்னொன்று. பதினெட்டு வயதுப் பெண், அம்மாவைப் பார்க்க வருகிறாள். அவளுக்கு இரண்டு வயது நடக்கும்போது அம்மா இறந்துபோய்விட்டாள். அந்த அம்மா, என் சிநேகிதி பூங்கோதை, இதோ எனக்கு எதிரே பன்னிரண்டடி உயரத் திரையில் அடுப்புக்கு முன்னால் நின்று முடியை அள்ளிக் கொண்டை போடுகிறாள். போட்டுவிட்டு நேராக என்னைப் பார்க்கிறாள். எவ்வளவு தெளிவு, இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் அது பூங்கோதையின் கண் இல்லை. அந்த முகம் பூங்கோதையின் முகம் இல்லை. இந்த உலகத்தில் இருந்த, இருக்கிற எந்தப் பெண்ணுடைய முகமும் இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆதிரையிடம் சொல்வதா விடுவதா என்று முடிவு செய்யத்தான் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். முடிவு செய்யாமல் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு நிமிடம் பதினைந்து விநாடி. முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும். அப்படி ஓடும்படி அமைத்ததும் நான்தான்.

பீளமேட்டில் ஒரு பழைய பஞ்சு குடோன் இது. வாடகைக்கு எடுத்து, ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, பதினோரு பெண்களின் வேலைகளை வைத்திருக்கிறேன். கணினியிலும் செல்போனிலும் செயற்கை அறிவிலும் பெண்கள் செய்த கலை என்று அழைப்பிதழில் போட்டேன். தெரிந்தவர்களில் பாதிப் பேர் கோலப்போட்டியா என்று கேட்டார்கள், மீதிப் பேர் உணவு உண்டா என்று கேட்டார்கள். வாசல் பக்கம் சாதிக் ஒரு ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். புரொஜக்டர், ஒயர், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு, கல்யாண மண்டபங்களில் பழகிய கை. அந்த ஸ்பீக்கர் நாகர்கோவில்காரி ஒருத்தி செய்தது. வீட்டில் எல்லோரும் அதட்டி வேலை வாங்குகிற பெண்குரல் கருவிகள் இருக்கின்றனவே, அதைப் போலவே இருக்கும், ஆனால் என்ன கேட்டாலும் வேலை மட்டும் செய்யாது. சாதிக் "மணி என்ன?" என்கிறார். "கையிலதான் வாட்ச் கட்டியிருக்கீங்களே, பாருங்க" என்கிறது அது. "எங்கூட்டம்மா மாதிரியே பேசுது மேடம்" என்று அங்கிருந்தே கத்துகிறார். நானும் சிரித்துவைக்கிறேன். பூங்கோதை இருந்திருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பாள். இருந்திருந்தால் என்கிற வார்த்தையை இந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், சொல்லச் சொல்ல அது ஏதோ நல்ல காரியம் செய்கிற மாதிரி ஒரு எண்ணம் எனக்கு. இருந்திருந்தால் அவள் இந்தத் திரையைப் பார்த்து என்ன கேட்டிருப்பாள் என்பதை மட்டும் நினைக்காமல் தாண்டிப் போய்விடுகிறேன்.

தொண்ணூற்றாறில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் பாடத்தில் உள்ள புரோகிராமை உள்ளபடி அடிப்பேன். அவள் அதே வரிகளைத் திருப்பிப் போட்டுத் திரை முழுக்க நெளிநெளியாகக் கோடு போக விடுவாள். கோடு போய்க்கொண்டே இருக்கும், நிறுத்தத் தெரியாது, ஆய்வகப் பொறுப்பாளர் வந்து நின்றால் "நிக்க மாட்டேங்குதுங் சார், நானென்ன பண்றது" என்பாள். கொஞ்சம் மூக்கடைத்த குரல். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் மொட்டையாக இருக்கும். தேங்காய் எண்ணெயும் சிந்தால் சோப்பும் கலந்த வாசனை. அதை நான் கலை என்று சொன்னபோது, "போ புள்ள, டைம் பாஸ்" என்றாள். அப்புறம் ஈரோட்டில் கட்டிக் கொடுத்தார்கள். மஞ்சள் மண்டிக் குடும்பம், பெரிய வீடு, வீட்டைவிடப் பெரிய சமையலறை. வீட்டுக்காரர் கேமரா வைத்த செல்போன் வாங்கினார், ஆறே மாதத்தில் அது சலித்து வேறு வாங்கினார், பழையது இவளுக்கு வந்தது. அந்த போன் ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிதான் படம் பிடிக்கும், பிறகு தானே நின்றுவிடும். படம் தபால்தலை அளவு, பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைந்துபோகும். அதை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து, பாப்பாவைத் தூங்கப் போட்ட பிறகு, தினம் பதினைந்து விநாடி பேசியிருக்கிறாள். பதினேழு நாள், பதினேழு துண்டு. "இன்னிக்குக் கொழம்பு நல்லாருக்குதுன்னு யாரோ சொன்னாங்க. யாருன்னு திரும்பிப் பாக்கல." ஒரு நாள் இப்படி. "பாப்பா சிரிக்கறா. எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது." ஒரு நாள் இப்படி. ஒரு நாள் பேச்சே இல்லை, குக்கர் சத்தம் மட்டும். ஒன்பதாவது துண்டில், இதோ வருகிறது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "மூஞ்சி தெரியாதில்ல. அதனாலதான் சொல்றேன்."

மூஞ்சி தெரியாது என்கிற தைரியத்தில்தான் அவள் பேசியே இருக்கிறாள். இத்தனை தடவை கேட்டும் அது என் காதில் ஏறவில்லையே. கண்காட்சிக் குறிப்பில் நான் எழுதியிருக்கிறேன், அச்சடித்து நானூறு பிரதி அந்த மேசையில் அடுக்கி இருக்கிறது: "பார்வையிலிருந்து மறைக்கப்பட்ட பெண்களை மீண்டும் பார்வைக்குக் கொண்டுவரும் முயற்சி." எழுதி முடித்து நானே மெச்சிக்கொண்ட வரி. மறைத்தது யார், மறைந்துகொண்டது யார் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கூட்டத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி நிம்மதியாக அழுதுகொண்டிருந்தால், பின்னாலிருந்து வந்து முக்காட்டை உருவுகிற ஆள் நான். உருவியதோடு விட்டேனா, உள்ளே இருந்த தலைக்குப் பதில் வேறு தலையை வைத்துவிட்டேன். இருபது வருடமாக இதுதான் தொழில் எனக்கு, பெண்கள் செய்த மின்கலையைத் தேடி எடுத்துத் தூசு தட்டிக் காட்டுவது. தூசு தட்டுகிறவளுக்குக் கை நிதானம் வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

அந்தப் பதினேழு துண்டும் இருந்த மெமரி கார்டை அவள் எனக்குக் கொடுத்தது ஈரோடு பஸ் ஸ்டாண்டில், இரண்டாயிரத்து எட்டில். நான் சேலத்திலிருந்து வந்து பஸ் மாறுகிற பத்து நிமிடத்தில், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள், நகை மாதிரி. "நீயே வெச்சுக்க புள்ள. எங்கூட்ல இருந்தா பாட்டு ஏத்தறேன்னு அழிச்சுப்போடுவாங்க" என்றாள். நான் வைத்துக்கொண்டேன். பத்திரமாக வைத்துக்கொண்டேன், அவ்வளவு பத்திரமாக வைத்ததில் பதினாறு வருடம் திறந்துகூடப் பார்க்கவில்லை. சென்ற டிசம்பரில் எடுத்துக்கொண்டு போனால், அந்தக் கார்டு கடைசி மூச்சில் இருந்தது. பழுது பார்க்கிற கடைக்காரர் பதினேழு துண்டையும் ஒருமுறை படியெடுத்துக் கொடுத்துவிட்டு, "இனி இது தொறக்காதுங்க, இந்தக் காப்பிய நல்லா வெச்சுக்கங்க" என்றார். நல்லாத்தான் வைத்துக்கொண்டேன். மங்கலான பழைய படத்தைக் கொடுத்தால் தெளிவாக்கித் தருகிற மென்பொருள் ஒன்றுக்குக் கொடுத்தேன். அது தெளிவாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை. இங்கே ஒரு கண் இருக்கும் போல, இங்கே ஒரு உதடு இருக்கும் போல என்று ஊகித்து, தான் பார்த்துப் பழகிய லட்சம் முகங்களிலிருந்து ஒரு கண்ணையும் ஒரு உதட்டையும் செய்து வைக்கும். அந்த லட்சம் முகங்களில் ஈரோட்டுச் சமையலறை முகம் எத்தனை இருக்கும் என்று மேடையில் கேட்டுக் கைத்தட்டு வாங்கியவளே நான்தான். ஆனால் ஜனவரி மாதம் ஒரு காலையில் அந்தச் சதுரங்களுக்குள்ளிருந்து ஒரு முகம் எழுந்து வந்து என்னைப் பார்த்ததும் படிப்பு, மேடை, கைத்தட்டு எதுவும் நினைவில் இல்லை. வந்துட்டாளே என்று வாய்விட்டு அழுதேன். அத்தனை ஆசையாக இருந்தது எனக்கு. பதினோரு பேருடைய கோப்புகளும் சேர்ந்து ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமிக்கவா என்று அது ஒரு கட்டம் காட்டிக் கேட்டது. ஆம் என்று ஒரு குறி போட்டேன்.

திங்கட்கிழமைதான் கண்டுபிடித்தேன், அதாவது ஐந்து நாள் முன்னால். சாதிக் முதன்முதலாகப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். "சினிமா மாதிரி இருக்குதுங்க மேடம்" என்று அவர் சொல்ல, நானும் பெருமையாக நெற்றி, கண் என்று பார்த்துக்கொண்டே வந்தவள் மூக்கில் நின்றுவிட்டேன். மூக்குத்தி இல்லை. பழைய படத்தில் முகம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும், அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் அணைந்து எரியும். அவளுடைய ஒற்றைக்கல் மூக்குத்தி. மென்பொருள் அதைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று எடுத்து, துடைத்துச் சுத்தம் செய்துவிட்டது. அப்புறம்தான் புருவத்தைப் பார்த்தேன். யாரோ அழகு நிலையத்தில் உட்கார வைத்து நூல் போட்ட புருவம். பூங்கோதை ஒரு நாளும் அழகு நிலையத்துப் படி ஏறியதில்லை. அப்புறம் நிறம். அப்புறம் பல் வரிசை. வீட்டுக்குப் போய் என்னுடைய புகைப்படம் ஒன்றை அதே தபால்தலை அளவுக்குச் சுருக்கி அதே மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். வந்தவளுக்கு என் வயதில் பாதி. திரையில் இருப்பவளுக்கு உள்ள அதே கூரான தாடை, ஒரு பிடி கூடின நிறம், யாரையோ மன்னித்துவிட்ட மாதிரி அதே சிரிப்பு. அழகிதான். எங்கள் அம்மா பார்த்திருந்தால் "வாங்க, யாருங்க நீங்க" என்று கேட்டிருப்பார். பழைய கோப்பைத்தான் நானே அழித்தாயிற்றே, செத்துப்போன கார்டை எடுத்துக்கொண்டு மறுநாளே சென்னைக்கு ஓடினேன். இரண்டு இடத்தில் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை என்றார்கள். பாட்டு ஏற்றுகிறேன் என்று பூங்கோதை வீட்டில் அழித்திருந்தால்கூட ஒரு பாட்டாவது மிஞ்சியிருக்கும்.

புதன்கிழமை ஆதிரை கூப்பிட்டாள். அதற்கு முன் அவளிடம் நான் இரண்டு தடவைதான் பேசியிருக்கிறேன், அனுமதி கேட்டு ஒருமுறை, தேதி சொல்லி ஒருமுறை. அழைப்பிதழ் படத்தை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் இந்த முகம்தான் பெரிதாக இருக்கும், வாசலில் ஆறடிப் பேனரிலும் இதே முகம்தான். போனை எடுத்ததும் "ஆன்ட்டி, இதுதானுங்களா எங்கம்மா?" என்றாள். "நான் அம்மா ஜாடைன்னு எல்லாருஞ் சொல்வாங்க. எந்த ஜாடைன்னு கண்ணாடியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். கல்யாண ஆல்பம் பரண்ல ஒழுகி ஒட்டிக்கிச்சுங்க. ஓட்டர் ஐடில இருக்கறத வெச்சு ஒண்ணுந் தெரியறதில்ல. அப்பாகிட்டக் கேட்டா உன்னயாட்டந்தான்னு எந்திரிச்சுப் போயிருவாரு. இதுதானுங்களா ஆன்ட்டி?" அப்போது எனக்கு எல்லாம் தெரியும். மூக்குத்தி தெரியும், புருவம் தெரியும், சென்னைக்குப் போய் வந்த பஸ் டிக்கெட் என் கைப்பையிலேயே இருந்தது. "ஆமா கண்ணு" என்றேன். ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் யாராவது சூடாக ஏதாவது கையில் கொடுத்தால் சட்டென்று வாங்குகிற மாதிரி வாயில் வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் அழுதாள், நானும் இந்தப் பக்கம் அழுதேன், அந்த அழுகையில் பொய் இல்லை, ஆனால் அது எதற்கும் உபயோகமில்லை. சனிக்கிழமை வர்றனுங்க என்றாள். இன்றைக்குச் சனிக்கிழமை.

கைப்பேசி அதிர்கிறது. "அவிநாசி தாண்டியாச்சுங்க." ஹோப்ஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொள் என்று பதில் போடுகிறேன், ஆட்டோ எடுத்துவிடு, வெயில் என்று இன்னொன்றும் போடுகிறேன். அக்கறை என்றால் எனக்குச் சரளமாக வருகிறது. பெங்களூரில் இருந்தபோதும் இப்படித்தான், பூங்கோதைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் தண்ணீர் நிறையக் குடி என்று எழுதினேன். நாலு நாள் காய்ச்சல். அது மூளைக் காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் ஒரு கருத்தரங்கில் பெண்ணுடலும் இயந்திரமும் என்று பேசிக்கொண்டிருந்தேன், இயந்திரத்தை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு. சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள், தூங்குது என்றார்கள். அவள் என்ன சொல்வதற்காகக் கூப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. ஒன்றும் இல்லாமல் சும்மாகூடக் கூப்பிட்டிருக்கலாம், அவள் அப்படிச் சும்மா கூப்பிடுகிறவள்தான். காரியத்துக்கும் நான் போகவில்லை, தாயில்லாத குழந்தையைப் பார்க்கத் தைரியம் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். இந்தக் கண்காட்சியே அதற்குத்தான் போலிருக்கிறது. நான் எடுக்காத இரண்டு அழைப்புக்குப் பதிலாக ஒரு குடோனையே எடுத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்கு என்ன நட்டம்? அந்தப் பெண் ஒரு முகத்தோடு ஊருக்குப் போவாள். அம்மா இல்லாமல் வளர்ந்தவளுக்கு ஒரு முகம் கிடைக்கிறது, நல்ல முகம், அன்பாகப் பார்க்கிற முகம். மூக்கில் ஒரு புள்ளி குறைந்தால் குடி முழுகிப் போகுமா? இப்படி ஒரு மனம். அந்தப் பெண் நாளைக்கு அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போடுவாள், வருடா வருடம் திதிக்கு அதன் முன்னால் சாதம் வைப்பாள், அவள் பிள்ளைகளுக்கு இதுதான் உங்கள் அம்மாயி என்று காட்டுவாள், உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்கு. இப்படி ஒரு மனம். சுவரில் ஒட்டுகிற குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாமே என்று இரண்டுக்கும் நடுவில் புகுந்தது மூன்றாவது மனம், அதுதான் என் தொழில் மனம். கைப்பேசியில் எழுதிப் பார்க்கிறேன். "இப்படைப்பின் காட்சிகள் சமகாலத் தொழில்நுட்பத்தின் துணையுடன் மீட்டெடுக்கப்பட்டவை." பொய். அழிக்கிறேன். "முகத்தின் சில கூறுகள் இயந்திரத்தின் ஊகத்துக்கு உட்பட்டவை." நாக்கில் தேன் தடவிக்கொண்டு பேசுகிற வக்கீல் மாதிரி இருக்கிறது. அழிக்கிறேன். "என் சிநேகிதியின் முகத்தை நான் அழித்துவிட்டேன்." அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அழிக்கிறேன். ஒன்று மட்டும் நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். படம் போனால் போகிறது, நான் இருக்கிறேன் அல்லவா. மூன்று வருடம் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான். ஆதிரையை உட்கார வைத்துச் சொல்லிவிடலாம். வரைகிற யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல வரையவைக்கலாம். அந்த யோசனை வந்ததும்தான் நெஞ்சில் கொஞ்சம் காற்று போகிறது. சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

"மேடம், ஒரு பாப்பா வந்திருக்குதுங்க" என்றார் சாதிக். நான் எழுந்து போவதற்குள் அவளே இருட்டுக்குள் தடவிக்கொண்டு வந்துவிட்டாள். பச்சைச் சுடிதார், தோளில் கல்லூரிப் பை, கையில் மல்லிகைப் பூ சுற்றிய ஒரு வாழை இலைப் பொட்டலம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "வந்துட்டனுங்க ஆன்ட்டி" என்று என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே திரையைப் பார்த்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள், நாற்காலி போட்டிருந்தும். பதினேழு துண்டும் ஓடி முடிந்து, மறுபடி முதலிலிருந்து கொண்டை போட ஆரம்பிக்கிறவரை அசையவில்லை. பாப்பா சிரிக்கறா என்று வருகிற இடத்தில் மட்டும் "நானுங்க" என்று முணுமுணுத்தாள். திரை வெளிச்சத்தில் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜாடை என்கிறார்களே என்று திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை. பிறகு அவள் பையிலிருந்து போனை எடுத்து, எழுந்து நின்று, படம் எடுப்பதற்குத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"கண்ணு, அது உங்கம்மா மூஞ்சி இல்ல" என்றேன். எத்தனையோ விதமாக ஆரம்பிக்க நினைத்திருந்தேன், இப்படித்தான் வந்தது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், கார்டு, மென்பொருள், நான் போட்ட குறி, மூக்குத்தி, புதன்கிழமை சொன்ன பொய். அவள் அழுவாள், கத்துவாள் என்று இருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "கொரலு?" "குரல் அவளோடதுதான். அதை நான் தொடல." "கை?" நான் திரையைப் பார்த்தேன். நகம் நீளமாக, வழவழப்பாக இருந்தது. "இல்ல கண்ணு." "அடுப்பு, பாத்தரம் எல்லாம்?" "அதுவும் பாதி அதுவா போட்டதுதான்." தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப எனக்குப் பொய் சொன்னீங்க." "ஆமா." அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனைப் பையில் போட்டுவிட்டு, "அந்தப் படத்த நிறுத்த முடியுங்களா? சத்தம் மட்டும் இருக்கட்டும்" என்றாள். சாதிக்கிடம் சொன்னேன். "அஞ்சு மணிக்கு ஆளுக வந்துருவாங்களே மேடம்" என்றவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, படத்தை அணைத்தார். குடோன் முழுக்க இருட்டானது. மூக்கடைத்த அந்தக் குரல் மட்டும் யாரோ குழம்பு நல்லாருக்குன்னு சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆதிரை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க பாத்துருக்கீங்கல்லங்க" என்றாள். "நெறையத் தடவ பாத்துருக்கீங்க. எங்கம்மா எப்படி இருப்பாங்கன்னு நீங்க சொல்லுங்க. நான் கண்ண மூடிக்கறேன்." மூடிக்கொண்டாள். இதற்குத்தானே காத்திருந்தேன். உன் உயரம்தான் இருப்பா, என்று ஆரம்பித்தேன். வேகமா நடப்பா, நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருப்பா, சிரிச்சா பின் பெஞ்சு வரைக்கும் கேக்கும். "மூஞ்சிங்க ஆன்ட்டி." சொல்றேன் கண்ணு என்று நானும் கண்ணை மூடினேன். கொண்டையை முடிந்தபடி அவள் திரும்பினாள். நூல் போட்ட புருவம், கூரான தாடை, ஒவ்வொன்றாக எண்ணலாம் போன்ற இமை மயிர். இது இல்லை என்று தள்ளிவிட்டுக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் அந்தப் பெண்தான் உட்கார்ந்து நெளிநெளியாகக் கோடு விட்டுக்கொண்டிருந்தாள். விடுதிக்குப் போனேன், ஒரே தட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவள்தான். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து நின்றதும் அவள்தான், மூச்சு வாங்க, அந்த மன்னிக்கிற சிரிப்போடு. எத்தனை இடம் உண்டோ அத்தனை இடத்துக்கும் ஓடிப் பார்த்தேன். மூன்று மாதமாக நான் தினம் பார்த்துப் பார்த்து அழுத முகம், எல்லா இடத்திலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பூங்கோதை எங்கேயும் இல்லை. எனக்குள்ளும் இல்லை.

"சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் ஆதிரை. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.